பக்கெட்டைத் திறந்துவிட்டது யார்?

கிளவுடில் வைத்திருந்த தகவல் கசிந்தது என்று செய்தி வந்தால் முதலில் ஹேக்கரைத்தான் திட்டுகிறோம். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து வெளியே போன பெரிய கசிவுகள் பலவற்றில் பூட்டை உடைத்தவர் என்று எவரும் இல்லை. கோப்புகளைப் போட்டு வைக்கும் பக்கெட்டின் சொந்தக்காரரே அனுமதியை எழுதிக் கொடுத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் அஷூரில் பக்கெட்டுக்குக் கன்டெய்னர் என்று பெயர், கூகுளில் பக்கெட்தான். கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். அந்த அனுமதிகளுக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

“பக்கெட் உருவாக்கியதுமே ஊருக்கெல்லாம் திறந்திருக்கும். நாம்தான் மூட வேண்டும்.”

எஸ்3 வெளியானது 2006 மார்ச்சில். அன்றிலிருந்தே புதுப் பக்கெட் அதன் உரிமையாளருக்கு மட்டும்தான் திறக்கும். பொதுவாக்க வேண்டுமானால் யாராவது கைவைத்து மாற்ற வேண்டும். அப்படி மாற்றியவர்கள் ஏராளமாக இருந்ததால், 2018 நவம்பரில் ‘பிளாக் பப்ளிக் அக்சஸ்’ என்ற தடுப்பை அமேசான் கொண்டுவந்தது. பக்கெட்டின் அனுமதி ஆவணமான பாலிசியில் என்னதான் எழுதியிருந்தாலும் பொது அனுமதி செல்லாது என்று இது மறித்துவிடும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு உருவாகும் பக்கெட்டுகளில் இந்தத் தடுப்பு தானாகவே இருக்கும், யார் யாருக்கு அனுமதி என்று பட்டியலிடும் பழைய ஏசிஎல் முறை தானாகவே அணைந்திருக்கும். அதற்கு முன்பே உருவானவை? இருந்தபடியே இருக்கின்றன. ஒரு நிறுவனத்தில் சோதனை போடுவதென்றால் அந்தப் பழைய பக்கெட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, மூடியிருப்பதை ஏன் திறக்கிறார்கள்? டெவலப்பர் ஒருவர் அப்ளிகேஷனிலிருந்து ஒரு கோப்பைக் கேட்கிறார். ‘அக்சஸ் டினைடு’ என்று 403 வருகிறது. மறுநாள் காலை டெமோ. பாலிசியில் ‘பிரின்சிபல்’ என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக்குறியைப் போடுகிறார். கோப்பு வந்துவிடுகிறது. அந்தக் குறிக்கு ‘உலகத்தில் யார் வேண்டுமானாலும்’ என்று பொருள். டெமோ முடிந்து எல்லோரும் கிளம்பிவிட, குறி மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது.

பல சமயம் அந்த 403-க்குக் காரணம் சின்னதாக இருக்கும். பட்டியலிடும் அனுமதியைப் பக்கெட்டின் பெயருக்குக் கொடுக்க வேண்டும். படிக்கும் அனுமதியை உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு, அதாவது பக்கெட் பெயரையடுத்துச் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து எழுத வேண்டும். (இந்த நட்சத்திரத்தால் ஆபத்தில்லை. எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.) இடம் மாற்றி எழுதினால் கதவு திறக்காது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பட்டியலிடும் அனுமதி இல்லாத ஒருவர், பக்கெட்டில் இல்லவே இல்லாத கோப்பைக் கேட்டால், ‘கோப்பு இல்லை’ என்று எஸ்3 404 சொல்லாது. அப்போதும் 403தான். எது இருக்கிறது, எது இல்லை என்பதுகூட அந்நியருக்குத் தெரியக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எஸ்3-க்கு வேறு வேறு. ஆக, ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, அனுமதியைத் தளர்த்திக்கொண்டே போகலாம். பக்கெட் முழுசாகத் திறந்துவிடும், கோப்பு மட்டும் வராது. 403 கண்டதும் பாலிசியில் கை வைப்பதற்கு முன் கோப்பின் பெயரை ஒருமுறை சரிபாருங்கள் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலாவது முதல் நாளே சொல்லித் தந்தால் தேவலை.

“‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்றால் நம்ம ஆபீஸ் ஆட்கள்தானே?”

இந்த ஒரு நம்பிக்கை செய்த சேதத்துக்கு அளவில்லை. எஸ்3-யின் ஏசிஎல்லில் இந்தப் பெயரில் ஒரு குழு இருக்கிறது. லாகின் செய்தவர்கள், எனவே நம் ஊழியர்கள் என்று படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அமேசான் கிளவுடில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் அடக்கம். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் தொடங்கிக்கொள்ளலாம். ஆதார் அட்டை வைத்திருப்பவர் எவரும் உள்ளே வரலாம் என்று வீட்டு வாசலில் பலகை மாட்டிவிட்டு, அந்நியரைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போவதற்குச் சமம் இது.

2017-இல் அமெரிக்காவின் ஆல்டரிக்ஸ் நிறுவனத்தின் பக்கெட் ஒன்று சரியாக இந்த அமைப்போடு இருந்ததை அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. உள்ளே 12.3 கோடி அமெரிக்கக் குடும்பங்களின் விவரங்கள் இருந்தன. குடும்பத்துக்கு 248 தகவல் கட்டங்கள். கூகுளில் ‘ஆல் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்று இருப்பதும் இதே வகைதான். கூகுள் கணக்கு இருந்தால் போதும். அமேசான் இப்போது புதுப் பக்கெட்டுகளில் ஏசிஎல்லையே வேண்டாம் என்று அணைத்துவிட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் பத்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

“நம் பக்கெட்டின் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது?”

பக்கெட்டுக்குப் பெயர் வைப்பதில் ஒரு விதி: வேறு எந்தக் கணக்கிலும் அதே பெயர் இருக்கக் கூடாது. 3 முதல் 63 குறிகள் வரை. சின்ன எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி. அந்தப் பெயர் அப்படியே இணைய முகவரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கம்பெனி பெயரோடு ‘பேக்கப்’, ‘டெஸ்ட்’, ‘ப்ராட்’ என்று சேர்த்துச் சேர்த்துக் கேட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். பொதுவில் திறந்து கிடக்கும் பக்கெட்டுகளைத் தேடித் தருவதற்கென்றே கிரேஹாட்வார்ஃபேர் என்ற தேடுதளம் இருக்கிறது. 2017 ஜூனில் டீப் ரூட் அனலிடிக்ஸ் நிறுவனத்திடமிருந்து 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரங்கள் வெளியே தெரிந்தன. அந்தப் பக்கெட்டின் பெயரில் இடைக்கோட்டையும் சேர்த்து ஆறே ஆறு குறிகள்தாம்.

இதோடு ஒட்டிப் பிறந்தது ‘லிங்க் வைத்திருப்பவர் மட்டும்தானே பார்க்க முடியும்’ என்ற எண்ணம். கெடு வைத்த லிங்க் நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. எஸ்3 தரும் அத்தகைய லிங்கின் ஆயுள் அதிகபட்சம் 7 நாள். அஷூரில் இதே வேலையைச் செய்யும் எஸ்ஏஎஸ் டோக்கனுக்குக் கெடுவை நாமே தீர்மானிக்கலாம். சிக்கல் அங்கேதான். மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக் குழுவினர் கிட்ஹப்பில் சில மாடல்களைப் பகிர ஒரு டோக்கன் லிங்க் கொடுத்தார்கள். அது ஒரு கோப்புறைக்கு மட்டுமாக இல்லாமல் சேமிப்புக் கணக்கு முழுவதற்கும் செல்லுபடியானது. படிக்க மட்டுமல்ல, எழுதவும் அழிக்கவும் அதிகாரம். காலாவதி ஆண்டு 2051! ஊழியர்கள் இருவரின் கணினி பேக்கப் உட்பட 38 டெராபைட் எட்டும் தூரத்தில் கிடந்ததை விஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் வெளியிட்டது. கிளவுடையே விற்கும் கம்பெனிக்கே இந்தக் கதி.

‘எழுதும் அனுமதி’ என்றதும் இன்னொன்று. பக்கெட்டில் வெறும் படங்களும் ஸ்கிரிப்டுகளும்தான் இருக்கின்றன, திறந்திருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கத் திறந்திருந்தால் ஒன்றுமில்லைதான். எழுதவும் திறந்திருந்தால்? 2018 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தளத்தின் ஒரு பகுதியில், வாசகர்களின் கணினியைக் கொண்டே கிரிப்டோ நாணயம் தோண்டும் ஸ்கிரிப்டை எவரோ செருகியிருந்தார்கள். நுழைந்த வழி, எவரும் எழுதக்கூடிய எஸ்3 பக்கெட்.

“என்கிரிப்ட் செய்தாகிவிட்டது. இனி என்ன பயம்?”

2023 ஜனவரி 5 முதல் எஸ்3-இல் சேரும் ஒவ்வொரு புதுக் கோப்பும் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. பொதுவில் திறந்து வைத்த பக்கெட்டில் இருப்பதும் அப்படித்தான். ஆனால் அனுமதி உள்ளவர் கேட்டால் எஸ்3 தானே பிரித்துக் கொடுத்துவிடும். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை இது தடுக்கும். பாலிசி ‘வா’ என்று அழைத்தவரைத் தடுக்காது.

2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததைப் படித்தால் இது விளங்கும். அங்கே பக்கெட் பொதுவில் இல்லை. தவறாக அமைத்திருந்த ஒரு ஃபயர்வாலின் வழியே, சர்வருக்குக் கொடுத்திருந்த தற்காலிகச் சாவிகள் வெளியாளின் கைக்குப் போயின. அந்த சர்வருக்கோ பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் தாராளமாக அனுமதி இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவல்கள் போயின. என்கிரிப்ட் செய்திருந்தும் பிரித்துப் படிக்க முடிந்தது என்று வங்கியே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு 8 கோடி டாலர் அபராதமும் வந்தது.

அபராதம் கட்டியது வங்கி, அமேசான் இல்லை. கிளவுடுக்கு மாறினால் பொறுப்பும் மாறிவிடும் என்பதும் ஒரு நம்பிக்கையே. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. தரவு எதற்கு, எப்படிப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுவனம்தான் அதற்குப் பொறுப்பு. சேமிக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டிருந்தாலும்.

“பழைய பக்கெட்டை அழித்துவிட்டேன், தொல்லை விட்டது.”

அழித்ததும் அந்தப் பெயர் விடுபடுகிறது. பிறகு வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். நம் அப்ளிகேஷனோ, எங்கோ ஒரு இன்ஸ்டால் ஸ்கிரிப்டோ இன்னும் அந்த முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தால், பதில் சொல்வது புது ஆள். வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இப்படிக் கைவிடப்பட்ட சுமார் 150 பக்கெட் பெயர்களைத் தன் பெயரில் பதிவு செய்து கவனித்தது. இரண்டு மாதத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகள் வந்ததாக 2025-இல் அறிவித்தது. அரசு நெட்வொர்க்குகளிலிருந்தும் வந்தன. சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டவையும் இருந்தன.

ஆகவே, வெளியே எங்காவது குறிப்பிட்டிருந்த பக்கெட் என்றால் அதைக் காலி செய்துவிட்டு, எல்லா அனுமதியையும் அடைத்து, பெயரை மட்டும் கையில் வைத்திருப்பதே நல்லது. காலிப் பக்கெட்டுக்கும் பில் வருமோ என்ற கேள்வி நியாயமானது. 2024-இல் ஒருவருக்கு வந்தது. அவருடைய காலிப் பக்கெட்டின் பெயரும், பிரபலமான ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவி தன் மாதிரி அமைப்பில் போட்டிருந்த பெயரும் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. உலகெங்குமிருந்து அந்தக் கருவிகள் பேக்கப்பை அங்கே அனுப்பப் பார்த்தன. ஏறத்தாழ 10 கோடி கோரிக்கைகள், பெரும்பாலும் அனுமதி இல்லை என்று திரும்பியவை. பில் 1,300 டாலருக்கும் மேல். விஷயம் பெரிதாகப் பேசப்பட்டதும், வெளியாட்கள் அனுப்பி 403 வாங்கும் கோரிக்கைகளுக்குக் கட்டணம் இல்லை என்று அமேசான் அதே ஆண்டு மே மாதம் விதியை மாற்றியது.