கம்பத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு

பட்டுக்கோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாமல் பில் போட முடியாமல் நீ பட்ட பாட்டை உன் அம்மா சொன்னாள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்ட வந்த ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டதாமே. இனி இப்படி ஆகக் கூடாது என்று வேறொரு கம்பெனியின் ஃபைபர் லைனும் எடுக்கப் போகிறாயாம். போனில் சொல்லலாம்தான், கடைக்கு ஆள் வந்துவிட்டால் "அப்புறம் பேசறேன் மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்கு வெளியே வந்து கம்பத்தை நிமிர்ந்து பார். உன் கடைக்குள் இறங்குகிற கறுப்பு ஒயர் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, அந்தக் கம்பத்துக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போ. சுருட்டிக் கட்டிய கேபிள் வளையங்களும், நடுவில் ஒரு ஜாயின்ட் பெட்டியும் தொங்கும். புதுக் கம்பெனியின் ஒயரும் பெரும்பாலும் அதே கம்பத்தில், அந்த வளையத்தை உரசிக்கொண்டுதான் வரும். சில தெருக்களில் இரண்டு கம்பெனிக்கும் வீடுவரை ஒயர் இழுத்துக் கொடுப்பது ஒரே கேபிள் ஆபரேட்டர். மண்ணுக்கடியில் போகும்போதும் பல சாலைகளில் பள்ளம் ஒன்றுதான். பில் இரண்டு வரும், வழி ஒன்று. ஜேசிபிக்குக் கம்பெனிப் பெயர் படிக்கத் தெரியாது அம்மாடி. கம்பத்து ஒயர்களை மாநகராட்சி ஆட்கள் வெட்டிச் சாய்க்கிற நாளிலும் இரண்டும் சேர்ந்தே விழும்.

தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண் அள்ள வந்த டிரைவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று நம்பி நீ கடை நடத்த முடியாது.

ஆகவே உனக்கு வேண்டியது வேறு வழியில் வருகிற லைன். ஒன்று ஒயரில் வந்தால் மற்றது காற்றில் வரட்டும். உன் பில்லிங்குக்கும், வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டுப் படங்களுக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆர்டர் போடுவதற்கும் ஆகிற டேட்டா ஒன்றும் அதிகமில்லை. ஒரு பழைய ஸ்மார்ட்போனில் வேறு கம்பெனி சிம் போட்டு, ஹாட்ஸ்பாட்டாகக் கல்லாவுக்கடியில் வைத்தால் போதும். லைன் போனதும் தானாகவே சிம்முக்கு மாறுகிற ரூட்டர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்கிற ஆபீசுக்கு அது சரி. உன் கடைக்கு வேண்டாம். இரண்டாவது பிராட்பேண்ட் வேண்டும் என்று நீ அடம்பிடித்தால், 5ஜி டவரிலிருந்து வருகிற ஏர்ஃபைபரை எடு. கம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிம் எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதே. நான் இருப்பது பட்டுக்கோட்டை, உன் கடை இருப்பது தாம்பரம். தெரிந்தவர்களின் போன்களை வாங்கி, மருந்து அலமாரிகளுக்குப் பின்னால், நீ கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மூலையில் நின்று ஒரு பில் போட்டுப் பார். சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவில் கூட்டம் இருக்கும்போது பார். அந்த மூலையில் எது எடுக்கிறதோ அதுதான் உனக்கு நல்ல கம்பெனி. வாங்கிய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இரு. ப்ரீபெய்ட் சிம்மைத் தொண்ணூறு நாள் தொடாமல் விட்டால், குறைந்தபட்ச பேலன்ஸும் இல்லாவிட்டால், கம்பெனி அதை நிறுத்திவிடலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அவசரத்துக்கு என்று டிராயரில் போட்டு வைத்த சிம், அவசரம் வந்த அன்று செத்துக் கிடப்பதை டெலிபோன் சர்வீஸில் இருந்தபோது நிறையப் பார்த்தவன் நான்.

'லைன் போச்சு' என்று புகார் வருகிற நாட்களில் பல சமயம் லைன் இருக்கும், கரன்ட்தான் இருக்காது. உன் ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. அது அவர்கள் வேலை. ஒரு விளக்குமே எரியவில்லை என்றால் கரன்ட். அது உன் வேலை. இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் கொடுத்திருக்கிறாய், சரி. பக்கத்திலிருக்கிற இந்தச் சின்னப் பெட்டியை ஏன் மறந்தாய்? பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட் போதும். அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்கிவிடு.

எங்கள் காலத்துச் செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருண்டாலும் போன் அடிக்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இப்போது உன் கடை லேண்ட்லைனும் ஃபைபர் பெட்டியிலிருந்துதான் வருகிறது. பெட்டி அணைந்தால் போனும் ஊமை. இது தெரியாமல் நிறையப் பேர் லேண்ட்லைனை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டவரையும் ஒரேயடியாக நம்பிவிடாதே. இரண்டு மூன்று கம்பெனிகள் ஒரே டவரில் ஆன்டெனா வைத்திருப்பது சகஜம். கரன்ட் போனால் பேட்டரி சில மணி நேரம், பிறகு ஜெனரேட்டர், டீசல் வண்டி வந்து சேராவிட்டால் அதுவும் நின்றுபோகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் சர்வீஸில்தான் இருந்தேன். மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. வாடகை ஜெனரேட்டரைத் தெருமுனையில் ஓடவிட்டு, ஒரு மேஜை நிறைய செல்போன்களைச் சார்ஜ் போட்டு, மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தார்கள். சார்ஜ் ஏறிய போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி எங்கெங்கோ நடந்தார்கள். அப்படி ஒரு நாள் உன் ஊருக்கு வந்தால், டவர் போய் ஃபைபர் பிழைத்திருக்கவும் கூடும். அதற்காக உன் போனில் வைஃபை காலிங்கை இன்றைக்கே ஆன் செய்து வை. டவர் இல்லாவிட்டாலும் ஃபைபர் வழியாகவே அதே எண்ணில் பேசலாம்.

இனி போன் நம்பர். உன்னைத் தேடுகிற வயதானவர்கள் வாட்ஸ்அப்பில் தேட மாட்டார்கள். மருந்துக் கவரில் அச்சடித்த எண்ணைத்தான் அழுத்துவார்கள். அதில் லேண்ட்லைன் ஒன்று மட்டும் இருக்கிறது. அடுத்த முறை கவர் அடிக்கும்போது இன்னொரு கம்பெனியின் மொபைல் எண்ணையும் சேர். லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பை மொபைலுக்குத் திருப்பிவிடும் வசதியை எப்படிப் போடுவது என்று லைன் நன்றாக இருக்கும்போதே கம்பெனியிடம் கேட்டுக் குறித்து வை. ஒரு எச்சரிக்கை: போனில் யாராவது ஸ்டார் 401 ஹேஷ் போட்டு ஒரு நம்பரை அடிக்கச் சொன்னால் அடிக்காதே. உன் அழைப்புகளும், போன் வழி சொல்லப்படும் ஓடிபியும் திருடன் கைக்குப் போய்விடும். இந்த மோசடிக்காகவே அந்த வகைக் குறியீடுகளால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை.

காசு விஷயத்தில் உனக்குப் பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஃபைபர் அறுந்தால் க்யூஆர் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. பணம் அனுப்புவது வாடிக்கையாளரின் போன். உன் சவுண்ட் பாக்ஸுக்குள் தனி சிம் இருக்கிறது. கார்டு மெஷினைத்தான் பார்க்க வேண்டும். வைஃபையில் மட்டும் ஓடுகிறதா, சிம் இருக்கிறதா என்று கேள். ஆனால் 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐயே தடுமாறியதே, அன்று நீ எத்தனை லைன் வைத்திருந்தாலும் பயன் இல்லை. பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்த 2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில் வர்தா புயல் அடித்தது. ஏடிஎம்மில் பணம் கிடைப்பதே கஷ்டம். கார்டு தேய்க்கலாம் என்றால் கரன்டும் இல்லை, லைனும் இல்லை. அதனால் கல்லாவில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களில் ஒரு நாள் வியாபாரத்துக்கான சில்லறை எப்போதும் இருக்கட்டும். தெரிந்தவர்களுக்குக் கடன் எழுத ஒரு நோட்டும் வை. மருந்துக்கு வந்தவரை நெட் இல்லை என்று திருப்பி அனுப்பாதே.

பில்லிங் சாஃப்ட்வேரைப் பற்றி ஒரே கேள்வி கேள்: நெட் இல்லாமல் பில் போடுமா? போடும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. போடாது என்றால் அச்சடித்த பில் புத்தகம் இரண்டு வாங்கி வை. பேட்ச் நம்பர், காலாவதித் தேதிக்கு இடம் இருக்க வேண்டும். ஷெட்யூல் ஹெச்1 மருந்துகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லைன் இல்லை என்பதை டிரக் இன்ஸ்பெக்டர் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பதிவேட்டைக் கையாலும் எழுதிப் பழகட்டும் கடைப் பையன்கள்.

லைன் போனால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதே. எண் இல்லாத புகாருக்கு அங்கே ஆளே கிடையாது. உள்ளே இருந்தவன் சொல்கிறேன்.

இதெல்லாம் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், ஃபைபர் பெட்டியின் சுவிட்சை நீயே அணைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போ. கடையில் பையன்கள் மட்டும் இருக்கட்டும். ஒரு மணி நேரம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று திரும்பி வந்து பார். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்ட் உனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். ஐப்பசி மழை தொடங்குமுன் இதைச் செய்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா