போட்டோ எடிட்டிங்குக்குக் கணினி: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

வீட்டு மாடியில் சின்னதா ஒரு ஸ்டுடியோ நடத்துறீங்களா? கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று படம் எடுக்கிறீர்களா? இ-சேவை மையத்தில் விண்ணப்பதாரரின் படத்தை அளவு சரிசெய்து ஏற்றிக் கொடுக்கிறீர்களா? அப்படியானால் சொந்தமாகப் பாகங்கள் வாங்கி ஒரு டெஸ்க்டாப் கணினி அமைக்கும் யோசனை உங்களுக்கு எப்போதாவது வந்திருக்கும். அந்தப் பாகங்களை எந்த வரிசையில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

கடைக்குப் போனதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஐ5 வேணுமா, ஐ7 வேணுமா?" என்பதுதான். அடுத்ததாகக் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேச்சு வரும். மானிட்டர் கடைசியில் வரும், அதுவும் "மிச்சம் இருக்கிற காசுக்கு ஏதாவது ஒண்ணு" என்று. விளையாட்டுக்கு வாங்குபவருக்கு இந்த வரிசை சரியாக இருக்கலாம். படத் தொழிலுக்கு இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். படத்தை நீங்கள் பார்க்கும் மானிட்டரும், படத்தைக் காப்பாற்றி வைக்கும் டிஸ்கும் முதலில் வரட்டும். வேகம் அதற்குப் பிறகு. பிராசசர் மெதுவாக இருந்தால் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பீர்கள். டிஸ்க் போய்விட்டால், ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களை மறுபடி எடுக்கவே முடியாது.

முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படமும் விண்ணப்ப வேலையும் மட்டும்தானா? 3.5 × 4.5 செ.மீ. படம் 300 டிபிஐ-யில் 413 × 531 பிக்சல்தான். அதைச் சில பத்து கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்ற எந்தச் சாதாரணக் கணினியும் போதும். புதிதாகச் செலவு செய்யவே வேண்டாம்.

கல்யாண வேலை அப்படி இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா ஃபைல் சுமார் 25 முதல் 30 எம்பி வரும். ஒரு கல்யாணத்தில் 2,000 படம் எடுத்தால் 50 முதல் 60 ஜிபி ஆகிவிடும். அதே படத்தை 16 பிட்டில் திறந்தால் ஒரு லேயர் மட்டும் மெமரியில் 144 எம்பி பிடிக்கும். பத்து லேயர் போட்டால் ஏறத்தாழ 1.4 ஜிபி. இந்தக் கணக்குதான் எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க் என்பதைத் தீர்மானிக்கும். விளம்பரத்தில் உள்ள எண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மானிட்டர்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

"வீட்டுல பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு, பிரிண்ட்ல முகம் கறுத்துப் போச்சே!" இது ஸ்டுடியோக்காரர் பலருக்கும் தெரிந்த புலம்பல். லேப் மேல் பழி போடுவதற்கு முன் மானிட்டரைப் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பெரும்பாலும் அதிக வெளிச்சத்தில், நீலச் சாயலோடு இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் படத்தின் வெளிச்சத்தைக் குறைக்கிறீர்கள். பிரிண்டில் அது இருண்டு வருகிறது.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஐபிஎஸ் வகைப் பேனல். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாலும் இதில் நிறம் அவ்வளவாக மாறாது. இரண்டு, எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சில விலை குறைந்த மானிட்டர்களில் "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகக் காட்டாது. பட்டுப்புடவையின் அடர் சிவப்பும் மயில் கழுத்துப் பச்சையும் அதில் மங்கித் தெரியும். மூன்று, அளவும் பிக்சலும். 24 அங்குலத்துக்கு 1920 × 1080 போதும். 27 அங்குலம் என்றால் 2560 × 1440 எடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தும் படமும் சொரசொரப்பாகத் தெரியும்.

வாங்கிய பிறகு வெளிச்சத்தை 100 முதல் 120 நிட்ஸ் அளவுக்கும், வண்ண வெப்பநிலையை 6500 கெல்வினுக்கும் கொண்டுவாருங்கள். இதற்கு அளவிடும் கருவி இருக்கிறது. திரையில் ஒட்டிவைத்தால் நிறத்தை அளந்து சரிசெய்து தரும். தனியாக வாங்கச் சிரமம் என்றால் நான்கு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். உங்கள் ஆல்பம் லேப் எந்த வண்ண வடிவத்தில் ஃபைல் கேட்கிறது என்பதையும் ஒரு முறை கேட்டு எழுதி வையுங்கள்.

டிஸ்க்: வேகத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு இன்னொன்று

இயங்குதளத்துக்கும் நடப்பு வேலைக்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, 1 டிபி. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு சுமார் 550 எம்பி-யோடு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500 எம்பி வரை போகும். ஒரு எச்சரிக்கை: எம்.2 என்பது பலகையின் வடிவத்தைக் குறிக்கும் பெயர் மட்டுமே. எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறார்கள். பெட்டியில் "என்விஎம்இ" என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

முடித்த வேலைகளை வைக்க 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. அதோடு வெளியே கழற்றி வைக்கக்கூடிய இன்னொரு டிஸ்க். இதைச் செலவு என்று நினைக்காதீர்கள், கணினியின் ஒரு பாகம் என்றே எண்ணுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. ஒரே கேபினெட்டுக்குள் இரண்டு டிஸ்க் வைத்திருந்தால் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. இடி விழுந்தாலும், தண்ணீர் புகுந்தாலும், திருடு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு டிஸ்கைத் தம்பி வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

ரேம்: 16-இல் தொடங்கி 32-இல் நிம்மதி

16 ஜிபி குறைந்தபட்சம். கல்யாண ஆல்பம் செய்பவருக்கு 32 ஜிபி வசதி. ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியாகத் தரவு போவதால் வேகம் கிடைக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு, அழுத்தினாலும் உள்ளே போகாது.

பிராசசரும் மதர்போர்டும்: ஜோடிப் பொருத்தம் பாருங்கள்

6 முதல் 8 கோர் உள்ள நடுத்தரப் பிராசசர் போதும். ஏஎம்டியில் ரைசன் 5, இன்டெலில் கோர் ஐ5 என்ற வரிசை. அதற்கு மேல் போகும் பணத்தை மானிட்டரிலும் ரேமிலும் போட்டால் வேலையில் தெரியும்.

ஆனால் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600 மாடலிலும் உள்கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி மாடலில் உண்டு. "விலை கம்மியா இருக்கே" என்று வாங்கிவிட்டு, பிறகு கார்டுக்குத் தனியாகச் செலவு செய்யும் நிலை இங்கேதான் வருகிறது.

ஏஎம்5 சாக்கெட் பலகையில் டிடிஆர்5 மட்டுமே ஏறும். ஏஎம்4-இல் டிடிஆர்4 மட்டும். இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறைக்கு இரண்டு வகைப் பலகையும் உண்டு. எந்த ரேம் என்பதைப் பலகைதான் தீர்மானிக்கும். அதனால் பிராசசர், பலகை, ரேம் மூன்றையும் ஒரே பில்லில் வாங்குவது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு: இப்போதே தேவையா?

வெளிச்சம், நிறம், வெட்டுதல், சருமத் திருத்தம் போன்ற வேலைகளுக்கு உள்கிராபிக்ஸ் சமாளிக்கும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தின் புள்ளிச் சொரசொரப்பை நீக்கும் வசதியை அடிக்கடி பயன்படுத்துபவருக்கும், வீடியோ செய்பவருக்கும் தனிக் கார்டு உண்மையிலேயே உதவும். அப்போது 8 ஜிபி மெமரி உள்ள கார்டாகப் பாருங்கள். மற்றவர்கள் கார்டு இல்லாமல் தொடங்கலாம், தேவை வந்தபின் ஒரு மாலையில் சேர்த்துவிடலாம். மானிட்டரும் டிஸ்கும் அப்படித் தள்ளிப்போடக் கூடியவை அல்ல.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், கேபினெட்

கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பி மற்ற எல்லாப் பாகத்தையும் அதில் மாட்டாதீர்கள். 80 ப்ளஸ் சான்று பெற்ற, 550 வாட் அளவுள்ள ஒன்று போதும். பின்னால் நடுத்தரக் கார்டு சேர்த்தாலும் தாங்கும். வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

600 விஏ யுபிஎஸ் என்றால் 600 வாட் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத கணினியும் மானிட்டரும் பொதுவாக 200 வாட்டுக்குள் அடங்கும் என்பதால் அது போதும். கார்டு இருந்தால் 1 கேவிஏ பாருங்கள். மின்சாரம் போனதும் வேலையைச் சேமித்து அணைப்பதற்குத்தான் யுபிஎஸ். மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு அல்ல.

கேபினெட்டின் முன்பக்கம் வலை வைத்ததாக இருக்கட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்ணாடி மூடிய அழகுப் பெட்டிக்குள் வெப்பம் தேங்கிவிடும்.

100 ரூபாய்க் கணக்கு

விலை வாரத்துக்கு வாரம் மாறும், குறிப்பாக ரேம் விலை. அதனால் மொத்தச் செலவை 100 ரூபாய் என்று வைத்து இப்படிப் பிரித்துப் பாருங்கள். இது கார்டு இல்லாத கணினிக்கான கணக்கு.

மானிட்டர்: 25
எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், வெளி டிஸ்க்: 20
பிராசசர்: 17
ரேம்: 13
மதர்போர்டு: 10
எஸ்எம்பிஎஸ்: 6
யுபிஎஸ்: 5
கேபினெட்: 4

கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷனை இதோடு ஒப்பிடுங்கள். மானிட்டருக்கு 10, பிராசசருக்கு 30 என்று இருந்தால் "இது எனக்கானது இல்லைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம தந்தா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சில் மயங்கினால், வாரண்டிக்கும் புகாருக்கும் கையில் ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். வாரண்டி கடை தருவதா, கம்பெனி தருவதா என்றும் கேளுங்கள்.

மானிட்டர், யுபிஎஸ் போன்ற பொருட்களில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கும். "பிஐஎஸ் கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். சுயதொழிலாக, உங்கள் பிழைப்புக்காக வாங்கிய கணினிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

பழைய கணினியை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். மென்பொருளுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டாம். டார்க்டேபிள், ரா தெரபி, ஜிம்ப் ஆகியவை இலவசம், சட்டப்படியானவை.

மாட்டிய முதல் வாரம்

கணினி ஓடத் தொடங்கியதும் உடனே வாடிக்கையாளர் வேலையை அதில் ஏற்றாதீர்கள். ரேம் சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். நான்கு துளை உள்ள பலகையில் இரண்டு ரேம் குச்சி என்றால், பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணினால் 2-ஆவது, 4-ஆவது துளையில் மாட்ட வேண்டும். பலகையின் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைக் கொண்டு ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். ஒரே படத்தை லேபில் பிரிண்ட் போட்டு வாங்கித் திரையோடு ஒப்பிடுங்கள். கோளாறு இருந்தால் கடை மாற்றித் தரும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, பழைய கணினி. அதன் டிஸ்கில் மற்றவர்களின் முகமும், ஆதார் நகலும், கையெழுத்தும் இருக்கின்றன. ஃபைலை அழித்தால் மட்டும் போதாது, மீட்டெடுக்க முடியும். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் மென்பொருளால் துடைத்த பிறகே விற்கவோ கொடுக்கவோ செய்யுங்கள். உடைந்த பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

நாளைக்கே கடைக்குப் போவதாக இருந்தாலும், இன்று இரவு அந்தத் தாளில் வேலையை எழுதி, 100 ரூபாய்க் கணக்கைப் பக்கத்தில் போட்டு வைத்துவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டேஷன் கேளுங்கள்.