நிறத்தைக் கடைசியாகப் பாரும்



வீட்டுக் கடல்மீன் தொட்டியில் அடுத்தடுத்து இறந்த ஐந்து மீன்களைப் பற்றி நீர் எழுதிய கட்டுரையின் கைப்படி வந்து சேர்ந்தது. தொட்டியைப் பழக்குவது, வடிகட்டி, வாரத்துக்கு வாரம் தண்ணீர் மாற்றுவது என்று ஆரம்பப் பாடம் எதுவும் இந்தக் கடிதத்தில் இராது. அதெல்லாம் உமக்குத் தெரியும். நேரே குறைக்கு வரலாம்.

பக்கத்துக்குப் பக்கம் "மீன் நிறம் மங்கியது" என்று எழுதியிருக்கிறீர். எத்தனை மணிக்கு? எந்த விளக்கில்? உடலின் எந்தப் பகுதியில்? ஓர் இடத்திலும் பதில் இல்லை. வாசிக்க எரிச்சல் வந்தது. படங்கள் எல்லாம் நீல எல்இடி வெளிச்சத்தில் எடுத்தவை. அந்த வெளிச்சத்தில் சிவப்பு மீன் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் மீன் பச்சையடிக்கும். இதை வைத்துக்கொண்டு முதல் பந்தியிலேயே "வெள்ளைப்புள்ளி நோய்" என்று முடிவு கட்டிவிட்டீர்.

மீனின் தோலில் உள்ள நிறக் கலங்கள் நரம்புக்கும் ஓமோனுக்கும் கட்டுப்பட்டவை. பயந்தால் சில விநாடிகளில் மீன் வெளிறும், அல்லது கறுக்கும். பல மீன்கள் இரவில் வேறு நிறம் பூணும். காலையில் விளக்கைப் போட்டவுடன் பார்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும், சற்று நேரத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தவருக்கு இதற்குத் தூரத்து உதாரணம் வேண்டியதில்லை. நம் கடலின் சாதாழைப் படுக்கைகளில் மேயும் ஓரா மீன் இருக்கிறது.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த நாட்களில் குருநகரில் ஒரு பெரியவர் சீமெந்துத் தொட்டியில் இரண்டு ஓரா வளர்த்தார். காற்றுப் பம்பு இல்லை. வேளைக்கு வேளை பேணியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார், அதுதான் மீனுக்கு ஒட்சிசன். சிறுவர்கள் தொட்டி ஓரத்தால் ஓடினால் இரண்டு மீனும் மூலையில் ஒதுங்கி, உடம்பெங்கும் கபிலத் திட்டுகளோடு செத்ததுபோலக் கிடக்கும். பார்க்க வந்தவர்கள் வருத்தம் என்பார்கள். பெரியவர் பதில் சொல்லமாட்டார். கையைக் காட்டி எல்லோரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார். சில நிமிடங்களில் திட்டுகள் கரைந்து, பழைய வெள்ளிப் பச்சை திரும்பும். அவர் முதலில் பார்த்தது எப்போதும் செவுள் மூடியின் அடிப்பைத்தான். அது சீராக இருந்தால் தோல் எப்படிக் கிடந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

சின்னக்கடையில் மீன் வாங்கும் எந்த அம்மாவும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை கேட்கமாட்டார். உமது ஐந்து மீன்களில் ஒன்றின் மூச்சையாவது நீர் எண்ணியதாகக் கட்டுரையில் இல்லை. தொட்டி அமைதியாக இருக்கும் நாளில் ஒவ்வொரு மீனும் நிமிடத்துக்கு எத்தனை தடவை செவுள் அடிக்கிறது என்று எழுதி வைத்திருந்தால், வருத்தம் வந்த அன்றே உமக்குத் தெரிந்திருக்கும்.

உமது நீல மீனை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் பவுடர் புளூ என்று விற்கும் சர்ஜன் மீன். அது பம்பின் ஓட்டத்துக்கு எதிரே முகத்தைக் கொடுத்து நின்றது, இரை எடுக்கவில்லை, இரண்டாம் நாள் இறந்தது என்று எழுதியிருக்கிறீர். புள்ளி ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்பதும் உமது வரிதான். இது பெரும்பாலும் வெல்வெற் நோய். அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் தூள் படியுமுன்னே மீன் மூச்சுமுட்டிச் செத்துவிடலாம். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தால் முதுகில் மெல்லிய பொன்தூள் மினுங்கியிருக்கக்கூடும். வெள்ளைப்புள்ளி அப்படி இராது. அது உப்புக்கல் அளவில், ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடியதாக இருக்கும். உமது கோமாளி மீனில் இரண்டும் இல்லை. அதன் தோல் வழுவழுத்து வெள்ளைச் சளியாக உரிந்தது. கோமாளி மீனில் அப்படிக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரூக்கினெல்லாவை. அதற்குச் செப்பு மருந்து பயன்படாது, போமலின் குளியல்தான் வழி. மூன்று வேறு நோய்களுக்கு ஒரே பெயரையும் ஒரே மருந்தையும் கொடுத்திருக்கிறீர்.

"மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தன, மருந்து வேலை செய்தது" என்ற வரியை அடித்துவிடும். வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் கிரிப்ரோகரியோன் மீனின் மேல் 3 முதல் 7 நாள் மட்டுமே இருக்கும். வளர்ந்ததும் தானாக உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடுகட்டிப் பிரியும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் கிளம்பும். அவை ஓரிரு நாளுக்குள் மீனைத் தேடிப் பிடிக்கவேண்டும். சில கூடுகள் 72 நாள் வரை கிடந்து வெடித்ததும் பதிவாகியிருக்கிறது. நீர் மகிழ்ந்த அந்த மூன்றாம் நாளில் ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் பெருகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது புதிய நோய் என்று நீர் எழுதியிருப்பது தவறு.

விவசாயக் கடை மயில்துத்தம் என்ற செப்பு உப்பைக் கரண்டிக் கணக்கில் பெரிய தொட்டியிலேயே போட்டதை மன்னிக்க முடியவில்லை. செப்பு அயன் ஒரு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கவேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனையே கொல்லும். உமது தொட்டியின் அடியில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்த கடற்கரை மணல். சுண்ணாம்பு செப்பை உறிஞ்சும். காலையில் போட்டது மாலையில் என்ன அளவில் நின்றது என்று சோதனைப் பொதி இல்லாமல் யாரும் சொல்லமுடியாது. இறாலும் சங்கும் செத்தது அந்த மருந்தால்தான். செப்பு வைத்தியம் மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டியில் செய்யவேண்டிய வேலை. அலங்காரத்துக்கு வைத்த பவளக் கல் உயிரோடு உடைத்ததாக இருந்தால் அது சட்ட விரோதமும் கூட. குடாநாட்டுக் கரையோரப் பவளப் பாறைகளை ஆராய்ந்தவர்கள் 2021 இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 பவள இனங்களைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட கடலில் கைவைக்க வேண்டாம்.

இனிக் கிணறு. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்தீர். நம் நிலத்தடித் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்பது. பசளையும் மலசலகூடக் குழியும் அதில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியதை 1980 களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. ஆவியாவது வெறும் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரும் நைத்திரேற்றும் கல்சியமும் தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் ஏறும். மழைத் தண்ணீரை நல்ல பாத்திரத்தில் பிடித்து வையும், அல்லது ஆர்ஓ தண்ணீர் வாங்கும். கடல்நீரையும் களப்பிலிருந்து எடுக்கவேண்டாம். நவம்பர், டிசம்பர் மழையில் அதன் உப்பு இறங்கிவிடும், கோடையில் கடலையும் மிஞ்சும். காங்கேசன்துறைப் பக்கம் திறந்த கடலில் எடுத்து, உப்பை அளந்து பாவியும். இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காதவர்களின் தொட்டிகளில் மீன் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வாடிச் சாகிறது.

நான்காவது மீனின் முகத்தில் சாம்பல் நிறப் பள்ளங்கள் விழுந்ததையும் வெள்ளைப்புள்ளியின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறீர். அது ஒட்டுண்ணியே அல்லாமல் இருக்கலாம். 2011 இல் வெளிவந்த ஆய்வுகளில், கரித்தூள் கலந்த தொட்டியில் வைத்த சர்ஜன் மீன்களுக்கு இதே மாதிரித் தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரிக்கப்பட்டது. உமது வடிகட்டியில் கழுவாத சிரட்டைக்கரி இருக்கிறது. எடுத்துவிட்டுப் பாரும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று சொல்லவேண்டும். ஐந்தாவது மீன் இறந்த இரவைப் பற்றிய உமது இரண்டு பக்கங்கள் அபாரமானவை. மீன் கல்லில் உடம்பைத் தேய்த்த ஒவ்வொரு தடவையையும், எந்தப் பக்கம் தேய்த்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்தது என்று கடிகாரத்தோடு எழுதியிருக்கிறீர். அந்தப் பொறுமை படித்து வருவதில்லை. கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் பையில் அடைபட்டு வந்த மீனுக்கு, பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறி, காரத்தன்மை ஏறி, அமோனியா நஞ்சாவதை நீர் விளக்கிய இடம் பாடநூலில் வைக்கத் தகுந்தது. இப்படிக் கவனிக்கத் தெரிந்தவர் முதல் நான்கு மீன்களையும் நிறத்தை நம்பிக் கோட்டைவிட்டதுதான் கோபத்தைக் கொடுத்தது.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம், திருத்தி எழுதும். ஒவ்வொரு மீனுக்கும் முதலில் நேரமும் விளக்கும், அடுத்து செவுள் அடிப்பு, பிறகு இரையும் நடத்தையும், கடைசியில் நிறம் என்று வரிசைப்படுத்தும். அடுத்த மீன் இறந்தால் குழி வெட்டிப் புதைக்குமுன், இறந்த உடனேயே செவுளில் ஒரு துணுக்கை எடுத்துக் கடல்நீரில் வைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் பாரும். வீட்டில் இல்லாவிட்டால் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் பாடசாலை ஆய்வுகூடத்தில் கேளும். திருத்திய படியில் அந்த ஒரு துணுக்கில் கண்டது இருந்தால், கட்டுரையை உடனே வெளியிடலாம்.