ஆளில்லா வானூர்திக்குச் சுங்க எண் காண்பது எவ்வாறு?

தோட்டத்தில் வடியும் பால் ஒன்றே. ஆயினும் கடல் கடந்து செல்லும்போது அது ஒரே எண்ணில் செல்வதில்லை. பாலாகவே சென்றால் சுங்க ஏட்டில் 4001.10, புகையூட்டிய ஷீட்டாகச் சென்றால் 4001.21, எஸ்.எம்.ஆர். கட்டிகளாகச் சென்றால் 4001.22. பொருள் யாது, எந்நிலையில் உள்ளது என்பதைக் கொண்டு எண் அமைகிறது. வரியும், அனுமதியும், அரசின் வணிகப் புள்ளிவிவரமும் அவ்வெண்ணைப் பின்தொடர்ந்தே வருகின்றன.

இந்த ஏட்டை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. டிரோன் என்று நம் இளைஞர்கள் அழைக்கும் ஆளில்லா வானூர்தி, இன்று மருந்து தெளிக்கும் கருவியாகத் தோட்டங்களுக்குள் வந்துவிட்டது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து தெளிப்போருக்கு எட்டாத உயரத்து இலைகளையும் அது எட்டுகிறது. சிலர் கூட்டாகப் பணம் சேர்த்து, வெளிநாட்டிலிருந்து நேரே ஒன்றைத் தருவிக்க எண்ணலாம். அவ்வாறு தருவிக்கும்போது கே1 என்னும் இறக்குமதிப் பாரத்தில் எழுதப்படும் பெயர் வாங்குபவருடையது. எண் தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

உலக நாடுகளின் சுங்க ஏடுகளுக்குப் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. பிரசல்ஸ் நகரில் தலைமையகம் கொண்ட உலகச் சுங்க அமைப்பு நடத்திவரும் அந்த முறை 1988 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் அதனை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் பொது. எட்டு இலக்கம் வரை ஆசியான் நாடுகள் தமக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டுள்ளன. அதற்கு மேல் வருவன அந்தந்த நாடு சேர்த்துக்கொள்பவை.

நெடுங்காலம் வரை அந்த ஏட்டில் டிரோனுக்குத் தனி இடம் இருக்கவில்லை. கேமரா பொருத்திய சிறு டிரோன் ஒன்று வந்தால், அதனைப் பறக்கும் ஊர்தி என்பதா, பறக்கக் கற்ற கேமரா என்பதா என்று அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. பல பண்புகள் கலந்த பொருளை அதன் இன்றியமையாத பண்பைக் கொண்டு வகைப்படுத்துக என்பது விதி. அவ்விதிப்படி அத்தகைய டிரோன்கள் கேமராக்களுக்குரிய 8525-ஆம் தலைப்பில் வைக்கப்பட்டதும் உண்டு. நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். விதியைப் படித்தால் நியாயம் விளங்கும்.

2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது. ஆளில்லா வானூர்திகளுக்கென 8806 என்னும் புதிய தலைப்பு பிறந்தது. மலேசியாவில் சுங்க வரி ஆணை 2022, அவ்வாண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விமானி உள்ளே அமராமல் பறக்குமாறு வடிவமைக்கப்பட்ட ஊர்தி எதுவும் இத்தலைப்பில் அடங்கும். அதனுடன் நிலையாக இணைந்த கேமராவோ, பயன்தரும் வேறு கருவியோ இருப்பதால் அது வேறு தலைப்புக்கு ஓடிவிடாது.

விளையாட்டுப் பொருள் மட்டும் இதற்கு விலக்கு. பொழுதுபோக்குக்கென்றே அமைந்த பறக்கும் பொம்மை 9503-ஐச் சேரும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். "சிறியதுதானே, பொம்மை என்று எழுதிவிடலாம்" என்று விற்பவர் சொல்லக்கூடும். சிறியது என்பதனால் ஒரு பொருள் பொம்மையாகிவிடாது. 250 கிராமுக்கு மேற்படாத டிரோனுக்கும் 8806-க்குள்ளேயே இடம் உண்டு. உண்மைக்கு மாறாக அறிக்கையிடுவது 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விற்பவர் வெளிநாட்டில் இருப்பார். அகப்படுபவர் இங்கே இருப்பவர்.

8806-க்குள் சரியான இடத்தைக் காண இரண்டு கேள்விகள் உள்ளன. பயணிகளை ஏற்றும் வகைக்கு 8806.10 என்று தனி எண் இருப்பதால் அதனை விட்டுவிடுவோம். முதற் கேள்வி, இது ஒருவர் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் மட்டுமே பறக்குமா என்பது. ஆம் எனில் 8806.21 முதல் 8806.29 வரை. முன்னரே பதிந்து வைத்த வழித்தடத்தில் தானே பறக்கவும் வல்லது எனில் 8806.91 முதல் 8806.99 வரை. தோட்டத்தின் வரைபடத்தைப் பதிந்து, நிரை நிரையாகத் தானே சென்று தெளிக்கும் இயந்திரம் இரண்டாம் வகையினதே.

இரண்டாம் கேள்வி எடை. எல்லைகள் 250 கிராம், 7 கிலோ, 25 கிலோ, 150 கிலோ என்பன. எந்த எடை என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியைத் திறந்து தராசில் வைத்தால் வரும் எடையன்று. மேலெழும்பும்போது இருக்கக்கூடிய மிக உயர்ந்த எடை, அதாவது சுமையும் கருவிகளும் எரிபொருளும் சேர்ந்த எடை. மின்கலத்தோடு 14 கிலோ உள்ள இயந்திரம் 10 கிலோ மருந்தைச் சுமந்து எழும்புமாயின் மொத்தம் 24 கிலோ. 25 கிலோ எல்லைக்குள் அடங்கி, தானே பறக்கும் வகையாயின் 8806.93 ஆகும். அதே இயந்திரம் 16 கிலோ சுமக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் 30 கிலோவாகி 8806.94-க்கு மாறும். மருந்துத் தொட்டியின் அளவே எண்ணை மாற்றிவிடுகிறது. எனவே தயாரிப்பாளரின் விவரத்தாளில் அந்த உயர்ந்த எடை எழுதப்பட்டுள்ளதா என்று வாங்குமுன் பார்த்தல் நலம்.

உதிரிப் பாகங்களின் கதை வேறு. தனியே வரும் சுழல் இறக்கை 8807.10, லித்தியம் அயன் மின்கலம் 8507.60; வானொலி அலையால் இயக்கும் கைக்கருவி 8526.92. ஆனால் முழு இயந்திரத்தையும் கழற்றி, ஒரே சரக்காகப் பல பெட்டிகளில் அனுப்பினால் அதைப் பாகங்கள் என்று சொல்ல இயலாது. பூட்டப்படாத நிலையில் வந்தாலும் முழுப்பொருளாகவே கொள்ள வேண்டும் என்பது பொது விளக்க விதிகளுள் ஒன்று.

வரியைச் செலுத்திவிட்டதாலேயே பறக்கவிடும் உரிமை கிடைத்துவிடாது. அலைவரிசைக் கருவிக்குரிய சான்றிதழும், மலேசிய வான் போக்குவரத்து அதிகாரத்தின் விதிகளும் தனித்தனியானவை. ஏற்றுமதிக்கு வேறொரு சட்டமும் உண்டு. சில வகை ஆளில்லா வானூர்திகளும் அவற்றின் பாகங்களும் 2010-ஆம் ஆண்டு வியூக வணிகச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவன. அவற்றை வெளியே அனுப்பும்போது அனுமதி தேவைப்படலாம். பழுது பார்க்க அனுப்புவதும் நாட்டை விட்டு வெளியே அனுப்புவதே.

ஐயம் எழுமாயின், சரக்கு துறைமுகம் வந்து கிடங்கு வாடகை ஏறிய பின்னர் அலைய வேண்டியதில்லை. பொருளின் வகைப்பாட்டை முன்கூட்டியே உறுதிசெய்து தருமாறு அரச மலேசியச் சுங்கத்துறையிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழி உள்ளது. இயந்திரத்தின் படம், தயாரிப்பாளரின் விவரத்தாள், மேலெழும்பும் உயர்ந்த எடை, தொட்டியின் கொள்ளளவு, தானே பறக்குமா என்னும் விவரம் ஆகியவற்றை உடன் இணைக்க வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன்னரே இதனைச் செய்துகொள்ளலாம்.