மந்திரி கான்ஸ்டபிள் ஆன கதை

'மணி ஹைஸ்ட்' பார்த்தவங்களுக்கு 'பொலிசியா' பழகின சொல். நகரம் என்று பொருள்படும் 'பொலிஸ்' என்ற கிரேக்கச் சொல், லத்தீன் வழியா ஸ்பானிஷுக்கு வந்தது. நம்ம 'போலீஸ்' கூட அதே குடும்பம்தான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்பெயின்ல இன்னொரு பெயர் இருந்தது: 'அல்குவாசில்'. நீதிபதி உத்தரவு போட்டா ஆளைப் பிடிப்பதும் பொருளை ஜப்தி செய்வதும் இவர் வேலை.

இந்தச் சொல்லைக் கழற்றிப் பார்ப்போம். மூலம் அரபு 'அல்-வசீர்'. 'அல்' என்பது ஆங்கில 'தி' மாதிரி. 'வசீர்' என்றால் மந்திரி! அரபு 'வ' ஸ்பானிஷில் 'குவ' ஆகும். 'பெரிய ஆறு' என்ற பொருள்படும் 'அல்-வாதி அல்-கபீர்', 'குவாதல்கிவிர்' நதியானது இப்படித்தான். கடைசி 'ர்', 'ல்' ஆச்சு. அல்குவாசில் ரெடி.

சரி, மந்திரி எப்படி இவ்வளவு கீழே இறங்கினார்? 711-ல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. பாக்தாத்தில் கலீபாவுக்கு அடுத்த இடம் வசீருக்கு. கோர்தோபாவிலோ ஒரே நேரத்தில் பல வசீர்கள். அவர்களுக்கு மேலே 'ஹாஜிப்' என்று ஒருவர். பட்டம் பரவப் பரவ மவுசு குறையும்தானே? பிறகு கிறிஸ்தவ அரசர்கள் அந்த ஊர்களைப் பிடித்தபோது, ஆட்சி மாறினாலும் பதவிப் பெயர் தங்கிவிட்டது. 1492-ல் கிரனாதா வீழ்ந்த பிறகும் போகவில்லை.

கெவேதோ என்ற எழுத்தாளர் 1627-ல் வெளியான தன் நூலில் ஓர் அல்குவாசிலைப் பேய் பிடித்ததாக எழுதி, பேய்தான் பாவம் என்று கிண்டலடித்தார். மந்திரிப் பட்டத்துக்கு வந்த நிலைமையைப் பாருங்க!

'கான்ஸ்டபிள்' கதையும் இதேதான். லத்தீனில் அது குதிரை லாயத்தின் தலைவர். பிரான்சில் தலைமைப் படைத்தளபதி வரை உயர்ந்து, இங்கிலாந்தில் சாதாரணக் காவலர் ஆகி, நம்ம ஊர் ஸ்டேஷனுக்கும் வந்தார். 'மார்ஷல்' நேர் எதிர்: குதிரைக்காரராக ஆரம்பித்து ராணுவத்தின் உச்சிக்குப் போனார். ஒரு பதவியின் மதிப்பு அதன் பெயரில் இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: 'அல்' என்று ஆரம்பிக்கிற எல்லா ஸ்பானிஷ் சொல்லும் அரபு இல்லை. மேயரைக் குறிக்கும் 'அல்கால்தே' அரபு. நீதிபதியான 'அல்-காதி'தான் அவர். ஆனா உயிர் என்று பொருள்படும் 'அல்மா' லத்தீன். எனவே ஆரம்ப எழுத்தைப் பார்த்து முடிவு கட்டாதீங்க, வேர் வரை தோண்டுங்க.