கண்மாயைச் சீர்செய்யத் திட்டம் போடுவது எப்படி? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊர்க் கண்மாய்க்குத் திட்டம் எழுதச் சொன்னால், கரையில் கால் வைக்கும் முன்பே ஜேசிபி வாடகையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். தூர்வாருவது ஒரு வேலை. அது குறிக்கோள் ஆகாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கூடிவரும்.

1. நீர்க்கட்டியோடு நடங்கள்

மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டியைக் கூட்டிக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் தலைப்பிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "கடைசியா எந்த வருஷம் மறுகால் போச்சு?" அதாவது, கண்மாய் நிறைந்து வழிந்தது எப்போது? மேலே இருக்கிற கண்மாய் மறுகால் போன வருஷத்திலும் நம்முடையது பாதிதான் நிறைந்தது என்றால், கோளாறு வரத்துக்காலில். நிறைந்தும் வாய்க்கால் கோடியிலுள்ள கடைமடை வயல் காய்ந்தது என்றால் மடையை, வாய்க்காலை, தண்ணீர் பங்கிடும் முறையைப் பாருங்கள்.

2. பிரச்சினையை மரமாக வரையுங்கள்

அடிமரத்தில் முக்கியப் பிரச்சினை, வேரில் காரணங்கள், கிளையில் விளைவுகள். சிறு அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பேசும் இந்த முறையை 1980களில் ஜெர்மனியின் ஜிடிஇசட் நிறுவனம் பரப்பியது. ஊர்ச் சாவடியில் தரையில் கோலப்பொடியால் வரைந்தாலும் போதும்.

ஒரு பொறி உண்டு. "ஷட்டர் இல்லை" என்று எழுதாதீர்கள். அது தீர்வைப் பிரச்சினை மாதிரி எழுதுவது. "மார்கழியில் கதிர் பால்பிடிக்கும்போது கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை" என்பதுதான் பிரச்சினை.

3. குறிக்கோளை எழுதுங்கள்

அந்த மரத்தையே நல்லபடியாகத் திருப்பி எழுதினால் குறிக்கோள் மரம். அமெரிக்காவின் யுஎஸ்எய்டுக்காக 1969இல் உருவான தர்க்கச் சட்டகம் இதை நான்கு படியாக்குகிறது: செயல், அதனால் கையில் கிடைப்பது, நோக்கம், பெரிய இலக்கு. வரத்துக்காலை வெட்டுவது செயல். தடையில்லாத வரத்துக்கால் கையில் கிடைப்பது. கடைமடை விளைவது நோக்கம். ஊர் வருமானம் கூடுவது இலக்கு.

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 120 ஏக்கர், அதில் கடைமடை 30 என்று வைத்துக்கொள்வோம். "விவசாயம் மேம்படும்" என்று எழுதினால் யாரும் சோதிக்க முடியாது. "3 ஆண்டுக்குள், கண்மாய் நிறையும் வருஷங்களில், கடைமடை 30 ஏக்கருக்கும் கதிர் முற்றும்வரை தண்ணீர் எட்டும்" என்று எழுதுங்கள். 'நிறையும் வருஷங்களில்' என்பதை விட்டுவிடாதீர்கள். மழைக்கு நாம் ஜாமீன் போட முடியாது.

4. வழியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. கிணறு ஊறும், மாடு குடிக்கும், அவ்வளவுதான். கிணற்று ஊற்றுதான் உங்கள் குறிக்கோள் என்றால் தாராளமாகத் தோண்டலாம். கடைமடைப் பாசனம் என்றால் அந்தப் பணத்தை வரத்துக்காலுக்கும் மடைக்கும் போடுங்கள்.

ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வியால் உரசிப் பாருங்கள். கண்மாய் யாருடையது? தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடம், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நம் உதாரணக் கண்மாய் முதல் வகை. அடுத்தது, காலம் இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதற்குமுன் கோடையிலேயே மண்வேலை முடிய வேண்டும்.

மூன்றாவது, யாருக்கு நஷ்டம்? வரத்துக்காலை மடக்கி விதைத்தவர் சும்மா விடமாட்டார். 2007ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் கையில் இருக்கிறது. ஆனாலும் எல்லைக்கல் ஊன்றும் நாளில் ஊர்ப் பெரியவர்கள் கூட நிற்காவிட்டால் வேலை நகராது. மீன்பாசிக் குத்தகைக்காரரை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். வயல்காரருக்கு மடை திறக்க வேண்டும், குத்தகைக்காரருக்கோ மீன் பிடிக்கிறவரை தண்ணீர் நிற்க வேண்டும். குத்தகை ஏலத்துக்கு முன்பே இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

5. பராமரிப்புக்கு ஒரு பக்கம்

மடைத் திருகுக்கு வருஷா வருஷம் கிரீஸ் போடுவது யார், நீர்க்கட்டிக்குக் கூலி நெல்லாகவா பணமாகவா, தராதவரிடம் யார் போய்க் கேட்பது? பெயர் போட்டு எழுதி, ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்த பிறகு திட்ட மனுவை அனுப்புங்கள்.