காகிதத்திலேயே நிலாவுக்குப் போனவர்கள்

ராக்கெட் என்றாலே நமக்கு நாசாவும் இஸ்ரோவும்தான் ஞாபகம் வரும். நாசா பிறந்தது 1958, இஸ்ரோ 1969. அதற்கெல்லாம் முன்னாடியே, 1933-ல், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிலிப் கிளீட்டர் என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி. மனிதன் விண்வெளிக்குப் போகலாம் என்று மக்களுக்குப் புரியவைப்பதுதான் வேலை. அடுத்த வருஷமே இதழும் வந்தது.

ஆனால் 1875-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம் குறுக்கே நின்றது. அவர்கள் ராக்கெட் செய்து விட்டுப் பார்க்க முடியாது. சரி, பேப்பரும் பென்சிலும் இருக்கே! கணக்குப் போட்டார்கள், படம் வரைந்தார்கள். 1939-ல் மூன்று பேர் நிலாவுக்குப் போகும் கப்பலின் திட்டத்தை இதழில் அச்சிட்டார்கள். இறங்குவதற்குக் கால்கள் கூட உண்டு! முப்பது வருஷம் கழித்து அப்போலோ 11-லும் போனது மூன்று பேர், இறங்கிய கலத்துக்கும் கால்கள். எரிபொருள்தான் வேற. இவர்கள் போட்டது திட எரிபொருள், அப்போலோவைக் கிளப்பிய ராக்கெட்டில் திரவ எரிபொருள்.

1946-ல் ராஸ், ஸ்மித் என்ற இரண்டு உறுப்பினர்கள், ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டை மாற்றி ஒரு ஆளைச் சுமார் 300 கி.மீ. உயரம் அனுப்பலாம் என்று அரசுக்கு எழுதினார்கள். அரசு வேண்டாம்னு சொல்லிவிட்டது. அதே மாதிரிப் பயணத்தை 1961-ல் அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் செய்தார். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் இந்தச் சங்கத்துக்காரர்தான். 1956-லிருந்து 2008-ல் இறக்கும்வரை நம்ம பக்கத்து இலங்கையில் வாழ்ந்தவர்.

ஸ்மித் வரைந்த படங்களையும் பழைய இதழ்களையும் லண்டனில் சங்கம் பத்திரமாக வைத்திருக்கிறது.